ஓவியம் படிக்க இரண்டு கதவு, இரண்டு பூட்டு

அமெரிக்கப் பாணிக் கல்லூரி எண்டால் எங்கட பக்கம் இரண்டு கதைதான் அடிபடும். "அங்க படிச்சு வந்தால் ஆள் வேற லெவல்" என்பது ஒன்று. "காசுக்காரற்ர பிள்ளையளுக்குப் பட்டம் விக்கிற கடை" என்பது மற்றது. நாங்கள் இரண்டையும் ஏற்கவில்லை. கலையும் வடிவமைப்பும் படிக்கிற விடயத்தில் இரண்டு கதையும் ஒரே கேள்வியை மறைக்கின்றன: வரையப் பழகக் கிடைக்காத, கையில் காசும் இல்லாத ஒரு பிள்ளை எந்தக் கதவால் உள்ளே போவது?

ஏதென்ஸை எடுத்துப் பார்ப்போம். இந்தச் சண்டை அண்மையில் வீதிக்கு வந்த நகரம் அது. கிரேக்க அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, தனியார் பல்கலைக்கழகம் அமைப்பதை வெளிப்படையாகவே தடுக்கிறது. அப்படியிருந்தும் 2024 மார்ச்சில், அரசியலமைப்பைத் திருத்தாமலே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அங்கு கிளை திறக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அதற்கு முன் பல வாரங்களாக மாணவர்கள் பீடங்களைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிரான போராட்டத்தைப் பார்த்த தலைமுறைக்கு இது புதுக் காட்சி இல்லை.

அந்த நகரத்தில் ஓவியம் படிக்க அரச நுண்கலைக் கல்லூரி ஒன்று இருக்கிறது. 1837இல் தொடங்கியது. இப்போது பிரேயஸ் வீதியில் ஒரு பழைய துணி ஆலைக்குள் இயங்குகிறது. ஐந்து வருடப் படிப்பு, கட்டணம் இல்லை. இன்னொரு பக்கம், ஹிமெற்றஸ் மலைச்சரிவில், கிரேக்க அமெரிக்கக் கல்லூரி இருக்கிறது. அதன் பட்டப்படிப்புப் பிரிவுக்கு டெரீ எண்டு பெயர். ஓவியம், கிராஃபிக் டிசைன், கலை வரலாறு எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டணம் உண்டு, புலமைப்பரிசிலும் உண்டு.

இந்த இரண்டாவது கல்லூரி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பொஸ்டனிலிருந்து போன மிஷனரிமார் 1875இல் ஸ்மிர்னாவில் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலைதான் 1923இல் ஏதென்ஸுக்கு இடம்பெயர்ந்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையையும் தொடங்கியதும் பொஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன்தான். ஆகவே அமெரிக்கப் பாணி எங்கட ஊருக்கு நேற்று வந்த சாமான் இல்லை. அது நல்லதையும் தரும், விலையையும் கேட்கும். அப்போது கேட்ட விலை மதம். இப்போது கேட்கிற விலை யூரோ.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். அமெரிக்க முறையில் படிக்க வருகிற பிள்ளை 18 வயதிலேயே "நான் ஓவியர்" எண்டு முடிவெடுத்திருக்கத் தேவையில்லை. வரைதல், நிறம், முப்பரிமாணம் என்று அடிப்படையிலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் மெய்யியல், வரலாறு, உளவியல் படிக்கலாம். பிறகு பாதை மாறலாம். செய்த வேலையைச் சுவரில் மாட்டி, சக மாணவர்களும் ஆசிரியரும் கிழித்துப் பேசுவதைக் கேட்டு, பதில் சொல்லிப் பழகலாம். இது உண்மையில் நல்ல முறை.

அரச கல்லூரியின் வாசலில் என்ன நடக்கிறது? கல்லூரியே நடத்துகிற வரைதல் பரீட்சை. அங்கே போகும்போதே கை பழகியிருக்கவேண்டும். கையைப் பழக்குகிறது யார்? தனியார் வரைதல் கூடங்கள். கிரேக்கத்தில் ரியூற்றரிக்கு ஃப்ரொன்டிஸ்டீரியோ எண்டு பேர். ஓவியத்துக்கும் அது உண்டு. உயர்தரத்துக்கு ரியூசன் போன எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இலவசக் கல்வியின்ர படலையிலேயே காசுக் கல்வி கதிரை போட்டு இருக்குது. ஒரு கதவுக்குக் கட்டணம் பூட்டு, மற்றதுக்குப் பரீட்சை பூட்டு. இரண்டுக்கும் திறப்பு ஒரே கடையில்தான் விற்கிறது.

இதில் எரிச்சலான விடயம் ஒன்று இருக்கிறது. பரீட்சையில் கெட்டிக்காரனைத் தெரிந்தெடுப்பதற்குப் பதிலாக, அடிப்படையிலிருந்து எல்லோரையும் தொடங்கவைக்கும் அந்த முறை அமெரிக்காவின் சொந்தச் சரக்கு இல்லை. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் யொஹானஸ் இற்றன் உருவாக்கிய ஆரம்ப வகுப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு. நாசிகளின் நெருக்கடியில் 1933இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அதே வருடம் யோசெப் ஆல்பர்ஸ் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். 1937இல் மொஹோலி-நாஜ் சிகாகோவில் புதிய பௌஹவுஸைத் திறந்தார். ஐரோப்பா துரத்திய ஒரு யோசனை அமெரிக்காவில் வேர் பிடித்து, இப்போது கட்டணப் பட்டியலோடு ஐரோப்பாவுக்குத் திரும்பி வருகிறது. பொதுச் சொத்தாக இருந்திருக்கவேண்டியதை ஐரோப்பியப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

"பிள்ளையள் எப்படியும் வெளிநாடு போகுதுகள், காசு வெளியில போகுது, அதை உள்ளுக்கே வைச்சால் என்ன?" என்பது கிரேக்க அரசின் வாதம். இங்கேயும் அதே பாட்டுத்தான். நாங்கள் கேட்பது இதுதான்: வெளிநாடு போக வசதியில்லாத பிள்ளைக்கு உள்ளூர்க் கிளையால் என்ன மாறுகிறது? போகக்கூடியவர்களுக்கு விமான ரிக்கெற் மிச்சம். மற்றவர்கள் நிண்ட இடத்திலேயே நிக்கினம். 2010இன் கடன் நெருக்கடிக்குப் பிறகு அரச பல்கலைக்கழகங்களுக்கான நிதியை வெட்டிய நாடு, அந்த ஓட்டையை அடைக்காமல் பக்கத்தில் புதுக் கடைக்கு அனுமதி கொடுக்கிறது.

எங்கட பக்கத்து ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இலவசக் கல்வியைக் காப்போம் எண்டு கோஷம் போட்டுவிட்டு வாசல் பரீட்சையைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் கதிரையைக் காக்கும் போராட்டம் மட்டும்தான். அரச கலைக் கல்லூரிகள் ஒரு வருட இலவச அடிப்படை வகுப்பைத் திறக்கட்டும், கை பழகாத பிள்ளையும் வந்து பழக. கன்வஸ், நிறம், அச்சு, கணினி ஆகியவற்றின் செலவையும் கணக்கில் எடுக்கட்டும். கட்டணம் இல்லாத கல்லூரியிலும் தூரிகை சும்மா கிடைக்கிறதில்லை.

அமெரிக்கப் பாணி என்ற விளம்பரத்தைப் பார்த்து யோசிக்கிறவர்கள் கட்டிடப் படத்தைப் பார்க்காதீர்கள். நான்கு வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, புள்ளி குறைந்தால் புலமைப்பரிசில் நிற்குமா, அந்த நாட்டு மொழியைச் சொல்லித் தருவார்களா, பட்டத்தை அந்த நாடே ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகுங்கள். வந்தால், அந்தப் பதிலை எல்லாருக்கும் தெரியப் போடுங்கள். அடுத்த பிள்ளை இருட்டில் தடவத் தேவையில்லை.