சிலந்தியும் பொறுமையும்

சுவரில் திரியும் தாவும் சிலந்தி அரிசிமணி அளவே உடையது. அதற்கு எட்டுக் கண்கள். முன்னால் நடுவிலுள்ள இரண்டும் பெரியவை. மிக அருகில் படமெடுக்கையில், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். ஆகவே தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, குவியத்தை ஒரே தொலைவில் நிலைநிறுத்த வேண்டும். பின்னர் முழங்கையைச் சுவரில் ஊன்றி, மூச்சை அடக்கி, கேமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முன்கண்கள் தெளியும் நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். பத்தில் ஒரு படம் தேறினாலும் நன்றே.

அசையாதிருக்கும்பொருட்டுச் சிலந்தியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போரும் உளர். அது முறையன்று. விறைத்த உயிரின் படம் எத்துணைத் தெளிவாயினும் அதில் சிலந்தியின் இயல்பு இராது. தவறிய படத்தை மீண்டும் எடுக்கலாம். போன உயிரை மீட்க இயலாது. காத்திருக்க மனமில்லாதவர் கேமராவைக் கீழே வைப்பதே நன்று.