சுருட்டுத் தாத்தாவின் சாட்சி

"புகை பிடிப்பது உடம்புக்குக் கெடுதல்" என்று யாராவது வாயெடுத்தால் போதும். எதிரிலிருப்பவர் உடனே தம் பாட்டனாரைச் சாட்சிக்கு அழைத்து விடுகிறார். "எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரையில் சுருட்டுக் குடித்தார், ஒரு தலைவலி கூட வந்ததில்லை. டாக்டர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பி விடலாமா?" என்கிறார். கேள்வி கேட்பதை நாம் குறை கூற மாட்டோம். இதே விஷயத்தில் மகாமேதை ஒருவரும் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்.

1950-ஆம் வருஷத்தில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்னும் ஆங்கில நிபுணர்கள் லண்டன் ஆஸ்பத்திரிகளில் விசாரணை செய்தார்கள். சுவாசப்பையில் புற்றுநோய் கண்ட ஆண்களில் புகைப் பழக்கமில்லாதவர் மிகச் சிலரே என்று வெளியிட்டார்கள். 1951-இல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினர். அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்ததிலும் முடிவு மாறவில்லை.

இதை ஆக்ஷேபித்தவர் ஸர் ரொனால்டு பிஷர். புள்ளிவிவர சாஸ்திரத்தில் அவருக்கு இணையானவர் அரிது. கல்கத்தாவில் மஹலநோபிஸ் நிறுவிய புள்ளிவிவர நிலையத்துக்கும் வந்து போனவர். இரண்டு காரியங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகி விடாது. புகையில் ஆசையும் புற்றுநோயும் ஒரே பிறவிக் கூற்றிலிருந்து முளைத்தவையாக இருக்கலாமே என்று 1957, 1958-ஆம் வருஷங்களில் வாதாடினார்.

அற்பமான ஆக்ஷேபணையல்ல இது. ஆகவே பதிலும் தக்கபடி வந்தது. 1959-இல் அமெரிக்காவில் ஜெரோம் கார்ன்பீல்டு முதலியோர் கணக்கிட்டுக் காட்டினார்கள். புகைப்பவருக்கு அந்த நோய் 9 மடங்கு அதிகம். அதற்கு வேறொரு மறைந்த காரணம் உண்டென்றால், அந்தக் காரணமும் அவர்களிடம் 9 மடங்காவது அதிகம் காணப்பட வேண்டும். அப்படி ஒன்றை எவரும் காட்டவில்லை. மேலும், பழக்கத்தை விட்டவர்களுக்கு அபாயம் குறைந்து வந்தது. சிகரெட்டை எறிந்தால் பிறவிக் கூறும் கூடவே போய்விடுமா?

பிஷர் குழாயில் புகை பிடிப்பவர். புகையிலைக் கம்பெனிகளின் கமிட்டிக்கு ஊதியம் பெறும் ஆலோசகர். பணத்துக்காகப் பேசினார் என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் தமக்குப் பிரியமானதன் மீது வழக்கு வந்தால், நீதிபதி ஆசனத்தில் தாமே அமர்வது நல்லதல்ல. டாலும் முன்பு சிகரெட் பிடித்தவர்தான். தம் கணக்கு வேறு விதமாகச் சொன்னதும் விட்டு விட்டார். 92 வயது வரை வாழ்ந்தார். இதையும் நாம் சாட்சியாகக் கூறவில்லை. ஒரு மனிதர் ஒரு மனிதர்தான், கணக்காக மாட்டார்.

அந்த டாக்டர்களின் 50 வருஷக் கணக்கு 2004-இல் வெளிவந்தது. விடாமல் சிகரெட் பிடித்தவர்களுக்குச் சராசரி 10 வருஷ ஆயுள் நஷ்டம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை அந்தப் பழக்கமே கொன்றது. 30 வயதில் விட்டவர்களோ அந்த நஷ்டத்தில் அனேகமாக முழுவதிலும் தப்பினார்கள். 50 வயதில் விட்டவர்களுக்கும் சுமார் 6 வருஷம் மிச்சம்.

ஆகவே தொண்ணூறு வயதுத் தாத்தா பொய்ச் சாட்சியல்ல. தப்பிய பாதியைச் சேர்ந்தவர். மற்றப் பாதியைச் சேர்ந்த தாத்தாக்களையும் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால், பேரன் பிறப்பதற்கு முன்பே அவர்களில் பலர் போய்விட்டார்கள்.