பெற்றோரைச் சுமையாக்கும் சுற்றுலாக்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் முத்தாபுதுப்பேட்டையிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: இந்த ஆண்டு எங்கே போவது? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும்போதே வண்டி பேசப்படுகிறது. மைசூர், பந்திப்பூர், முதுமலை, உதகை என்று மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி ஒரு பட்டியல் நீள்கிறது. பாட்டனார் முதல் பேரப்பிள்ளை வரை மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் போவதாக முடிவாகிறது.

இதில் குறை காண நாம் வரவில்லை. உறவைப் பேணுவது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. படைப்பினங்களைக் கண்டு படைத்தவனை நினைப்பதும் நன்மையே. ஆவடித் தொழிற்சாலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்து, முழங்கால் தேய்ந்து, ஓய்வு பெற்ற நம் தந்தையர் ஒரு காட்டையும் யானையையும் பேரப்பிள்ளைகளோடு நின்று பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. நாம் எதிர்ப்பது பயணத்தை அல்ல. அதைத் திட்டமிடும் முறையை.

திட்டமிடுவோர் யார்? நம்மைப் போன்ற நடுவயதினரும் இளைஞர்களும். நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? “மூன்று நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?” இஷா தொழுதுவிட்டு இரவே கிளம்பினால் ஒரு நாள் மிச்சம் என்கிறோம். விடுதி வாடகையும் மிச்சம் என்கிறோம். யார் வருகிறார்கள், அவர்கள் உடல் எதைத் தாங்கும் என்ற கேள்வி கடைசியில்கூட எழுவதில்லை. முதியவர்களிடம் நாம் சொல்வதெல்லாம், “நீங்கள் வண்டியில் உட்கார்ந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதுதான்.

பிறரைக் குறை சொல்லும் முன் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். கடந்த ஆண்டு மே மாதம் எங்கள் குடும்பத்தில் பதினைந்து பேர் இப்படித்தான் கிளம்பினோம். திட்டம் போட்டவர்கள் நாங்களே. இரவு முழுதும் ஓடி, விடியலில் ஸ்ரீரங்கப்பட்டணம். பகலெல்லாம் மைசூர் அரண்மனையும் விலங்குக் காட்சிசாலையும். அன்றிரவே பந்திப்பூர் காட்டைக் கடந்து முதுமலை. மைசூரில் கடைத்தெரு எங்களைப் பிடித்துக்கொண்டது. இரவு ஏழே முக்காலுக்குத்தான் வண்டி புறப்பட்டது. குண்டலுப்பேட்டையைத் தாண்டிச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி ஒன்பதே கால். கதவு மூடியிருந்தது.

திரும்பி வந்தோம். சனிக்கிழமை, விடுமுறைக் காலம். விடுதிகளில் இடமில்லை. சாலையோரம் வண்டியிலேயே படுத்தோம். நள்ளிரவு கடந்து எழுபத்து நான்கு வயதான எங்கள் தாயாருக்கு உடல் நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது, உடலில் நீரும் வற்றியிருக்கிறது என்றார் மருத்துவர். “கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார்?” என்று கேட்டார். பிள்ளைகள், மருமக்கள் என்று அறுவர் நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் சகோதரியின் ஒன்பது வயது மகள்தான் பதில் சொன்னாள்: “நன்னி காலையிலிருந்தே தண்ணி வேணாம்னு சொன்னாங்க. அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொன்னா மாமா கோவிச்சுக்குவாராம்.”

அந்த மாமா நாங்கள்தாம். அல்ஹம்துலில்லாஹ், தாயார் விடிவதற்குள் தேறிவிட்டார். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் சொல், “என்னால உங்க எல்லாருக்கும் சிரமம்” என்பது. நம்மைப் பெற்றவரை நம்மிடமே மன்னிப்புக் கேட்க வைத்த பயணத்திற்கு என்ன பெயர் வைப்பது?

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. கழிப்பறைக்கு அஞ்சித் தாகத்தை அடக்கும் தாய்மார்கள் ஒவ்வொரு சுற்றுலா வண்டியிலும் இருக்கிறார்கள். கடைசி இருக்கையில் கால் நீட்ட இடமின்றி வீங்கிய பாதத்தோடு இறங்கும் தந்தையர் இருக்கிறார்கள். ஹலால் உணவு கிடைக்காது என்று சொல்லி, பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து பதினைந்து பேருக்குச் சமைத்துக் கட்டிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுற்றுலாவா, இடம் மாறிய அடுப்படியா?

பயணத்தைப் பற்றி நம் மார்க்கம் என்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம். பயணம் வேதனையின் ஒரு பகுதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள்; உணவையும் நீரையும் உறக்கத்தையும் அது தடுக்கிறது என்ற காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருக்கப்பட்டது. நோன்பைப் பிற்படுத்த அனுமதி வந்தது. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகையோ பயணத்தில் மட்டுமின்றி எப்போதும் உண்டு. தனக்குரிய கடமையையே அல்லாஹ் பயணிக்காகக் குறைத்திருக்கிறான். நாமோ பார்க்கும் இடங்களின் பட்டியலில் ஒன்றைக்கூடக் குறைக்க மறுக்கிறோம்.

இமாமாக நிற்பவர் தொழுகையை நீட்ட வேண்டாம், பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் இருப்பர் என்பதும் நபிமொழியின் கருத்தே. தொழுகைக்கே அந்த அளவுகோல் என்றால், சுற்றுலாவுக்கு வேறு அளவுகோல் எங்கிருந்து வந்தது? மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கச் சொன்ன நபிகளார், தாம் தலைமை தாங்கிய பயணங்களில் கூட்டத்தின் பின்னால் வருவார்களாம். தளர்ந்தவரை ஊக்கி நடத்தி, தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகத் துஆச் செய்வார்களாம். பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களை விரைந்து ஓட்டிய அன்ஜஷாவிடம், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வதுபோல் மெதுவாகப் போகச் சொன்ன நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. நம் குடும்பத் தலைவர் எங்கே இருக்கிறார்? ஓட்டுநருக்குப் பக்கத்தில், முன் இருக்கையில், கைப்பேசியில் அடுத்த இடத்தின் தூரத்தைப் பார்த்துக்கொண்டு.

மார்க்கம் சொல்வதை, நாம் போகும் காடும் தன் வழியில் சொல்கிறது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 9 காப்பகங்களுள் பந்திப்பூர் ஒன்று. அதை ஒட்டியுள்ள முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமானது. இரவில் விரையும் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டதால், 2009 முதல் பந்திப்பூர்ச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டுள்ளது. அவசர ஊர்திகளுக்கும் வரையறுத்த சில பேருந்துகளுக்குமே விலக்கு. அன்றிரவு அந்தக் கதவை நாங்கள் சபித்தோம். இன்று நினைத்துப் பார்க்கிறோம்: கதவு தன் நேரத்தில்தான் மூடியது, நேரத்தை மதிக்காதவர்கள் நாங்கள். உறங்கும் உயிர்களுக்கு ஓய்வு தேவை என்று ஓர் அரசுச் சட்டம் புரிந்துகொண்டதை, பின் இருக்கையில் உறங்கத் தவித்த தாயைப் பற்றி நாங்கள் புரிந்துகொள்ளவில்லை.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும், குரங்குக்கும் மானுக்கும் உணவு வீசுவதும் குற்றம். “உயிர்களுக்கு உணவளிப்பது ஸதகா” என்று வாதிடுவோர் உண்டு. மிஞ்சிய பிரியாணியை வீசி, காட்டு விலங்கைச் சாலைக்கு இழுத்து, அடுத்த வண்டிக்கு இரையாக்குவது எப்படி ஸதகா ஆகும்? இந்த விதிகள் அனைத்தும் பொறுமையாக வருபவனுக்கு எளிது, அவசரக்காரனுக்குத்தான் தொல்லை.

இனி, நம்மிடம் சொல்லப்படும் மறுப்புகளுக்கு வருவோம்.

“பெரியவர்களால் முடியாது, வீட்டில் விட்டுப் போவதே அவர்களுக்கு நல்லது” என்கிறார்கள். வர விருப்பமில்லை என்று அவர்களே சொன்னால் சரி. ஆனால் நம் வேகத்திற்கு அவர்கள் ஈடுகொடுக்க முடியாததைக் காரணமாக்கி விட்டுச் செல்வது, தவறான வேகத்தைக் காப்பாற்றப் பெற்றோரைத் தியாகம் செய்வதாகும். தெப்பக்காடு யானைகள் முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதை ஒரு முதியவர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். மலை ஏற வேண்டியதில்லை, ஓட வேண்டியதில்லை. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அரை மணி நேரம் அங்கே நிற்பது, எட்டு இடங்களை வண்டிச் சன்னலில் பார்ப்பதைவிட மேலானது.

“விடுப்பு நான்கு நாள்தான்” என்கிறார்கள். அப்படியானால் நான்கு நாளுக்குரிய பயணத்தைப் போடுங்கள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பெங்களூரு, மைசூர் வழியாகத் தெப்பக்காடு ஏறத்தாழ 570 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் கடக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. 2022 நவம்பர் முதல் சென்னையிலிருந்து மைசூருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. ஏறத்தாழ ஆறரை மணி நேரப் பயணம், பெட்டியிலேயே கழிப்பறை. பெரியவர்களை ஒரு மகனோ மகளோ ரயிலில் அழைத்து வரட்டும். வண்டியில் வருவோர் மைசூரில் சேர்ந்துகொள்ளட்டும். மூன்று இரவும் இரண்டே இடமும் போதும்.

“செலவு கூடும்” என்கிறார்கள். கூடும்தான். இரண்டு இடங்களின் நுழைவுக் கட்டணத்தையும் கடைத்தெருவில் வாங்கும் பொருளையும் குறைத்தால் ஓர் இரவு விடுதிக்குப் போதும். ஓட்டுநர் தூங்காமல் ஓட்டுவதில் மிச்சமாகும் பணம் நமக்கு ஹலாலான மிச்சமா? போக்குவரத்துத் தொழிலாளருக்கு ஒரு நாள் வேலை நேரம் 8 மணி என்று 1961-ஆம் ஆண்டின் சட்டமே சொன்னது. அவரும் ஒரு வீட்டின் பிள்ளை. அவர் கண்ணயர்ந்தால் வண்டியில் இருப்பது மூன்று தலைமுறை.

ஆகவே நம் வேண்டுகோள் இது. திட்டம் போடும்போது முதலில் குடும்பத்தின் மிகத் தளர்ந்தவரை நடுவில் உட்கார வைத்துக் கேளுங்கள். “வர்றீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு நேரம் உட்கார முடியும், எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை முறை இறங்க வேண்டும் என்று கேளுங்கள். கூச்சத்தால் தாய் மகனிடம் சொல்லாததை மகளோ மருமகளோ கேட்டறியட்டும். இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்களை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு அழைத்துச் செல்லும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; முதியோர் இருந்தால் கூடலூர் வழியே நல்லது. உதகையே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே வண்டி நிற்கட்டும். கேட்டால்தான் நிற்கும் என்றால் நம் தாய்மார்கள் கேட்கமாட்டார்கள். லுஹருக்கு ஆம்பூர் அல்லது வாணியம்பாடி. அங்கே பள்ளிவாசலுக்கும் ஹலால் உணவுக்கும் குறைவில்லை. மைசூரிலும் கூடலூரிலும் அப்படியே. எனவே பெண்கள் பின்னிரவில் அடுப்பு மூட்ட வேண்டிய தேவை இல்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் ஹஜ்ஜில் அன்றிச் சேர்ப்பதில்லை. அவர்கள் ஒவ்வொரு வக்துக்கும் நிறுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொழுகைக்காக நிற்கும் வண்டியே மருந்துக்கும் உணவுக்கும் கழிப்பறைக்கும் நிற்கும் வண்டியாகும். வக்தைப் பேணும் குடும்பத்தில் முதியவர்கள் தாமாகவே பேணப்படுகிறார்கள்.

முதல் இரவு கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ தங்குங்கள். மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அடங்கியுள்ள கும்பஸில் பிள்ளைகளுக்கு 1799 மே 4-இன் வரலாற்றைத் தாத்தாவே நிழலில் அமர்ந்து சொல்லட்டும். காட்டைப் பகலில், மெதுவாக, சன்னலை மூடி, பாட்டை நிறுத்தி, கடந்து செல்லுங்கள். குடும்பத் தலைவர் பின் இருக்கைக்குப் போகட்டும். கதவருகே உள்ள இருக்கை அத்தாவுக்கும் அம்மாவுக்கும் உரியது.

இந்த ஆண்டும் எங்கள் தாயாரிடம் பயணம் பற்றிப் பேசினோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சிறிது நேரம் கழித்து, “தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை எந்தத் தாயும் தன் பிள்ளைகளிடம் கேட்க நேராதிருக்க அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தருவானாக. இன்ஷா அல்லாஹ், இம்முறை அவர் சொல்லும் இடத்தில் வண்டி நிற்கும்.