சிலிகாவில் படகை நிறுத்தச் சொல்லுங்கள்

பூரி ஜெகந்நாதரைச் சேவிக்கப் போகும் நம்மவர்கள், கோனார்க்கையும் சிலிகா ஏரியையும் சேர்த்தே பார்த்துவிட்டு வருகிறார்கள். சாத்தபாடாவில் படகு ஏறி டால்பின் பார்ப்பதும் இப்போது அந்தப் பயணத்தில் சேர்ந்துவிட்டது. போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படகில் ஏறியபின் நாம் செய்யும் நச்சரிப்பில்தான் எனக்கு ஆட்சேபம்.

சிலிகாவில் இருப்பது ஐராவதி டால்பின். டி.வி.யில் பார்ப்பதுபோல் துள்ளிக் குதித்து வித்தை காட்டாது. மழுங்கிய தலை, முதுகில் சின்னத் துடுப்பு. மூச்சு வாங்க மேலே வரும், அடுத்த நொடி மறைந்துவிடும். மொத்தமே சுமார் 150 தான் அங்கே இருக்கின்றன. நமக்கு அது போதவில்லை. "காசு கொடுத்து வந்திருக்கிறோம், இன்னும் கிட்டப் போப்பா" என்கிறோம். படகுக்காரர் விரட்டுகிறார். ஒரு படகு போனால் பின்னாலேயே நாலு படகு.

கலங்கிய நீரில் டால்பினுக்குக் காதுதான் கண். ஒலி எழுப்பி, அதன் எதிரொலியை வைத்தே இரை தேடுகிறது. மோட்டார் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். படகு துரத்தினால் இரையையும் ஓய்வையும் விட்டுவிட்டு ஒதுங்கி ஓடும். படகின் விசிறி பட்டால் காயம்தான். ஒரு நாளில் இப்படிப் பல தடவை என்றால், குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் என்ன பாடுபடும்!

"படகு போனதும் திரும்பி வந்துவிடுமே" என்பார்கள் சிலர். ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்ற இடத்தில் பல வருடங்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். டால்பின் காட்டும் நிறுவனம் ஒன்று இரண்டானதும், அந்தப் பகுதியில் டால்பின்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. 2006-இல் ஆய்வு வெளிவந்தது. அரசாங்கம் ஒரு உரிமத்தை நிறுத்திவிட்டது. அது பரந்த விரிகுடா, வேறு பக்கம் போக இடமுண்டு. சிலிகாவில் டால்பின்கள் அதிகம் இருப்பது கடலை நோக்கிப் போகும் குறுகலான கால்வாய்ப் பகுதியில். படகுகள் போவதும் அங்கேதான். அவை எங்கே போகும்?

படகுக்காரர்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் கொடுக்கும் கூலியில் பிழைக்கிறவர்கள், நாம் கேட்பதைத்தான் செய்வார்கள். ஆகவே ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "டால்பின் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பேசிய கூலி உண்டு. துரத்தவேண்டாம். தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள், காத்திருக்கிறோம்."

ஜெகந்நாதரை ஒரு நிமிடம் தரிசிக்க எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறோம்! ஏரியிலும் ஒரு கால் மணி நேரம் சும்மா உட்காரலாம். தெரிந்தால் பார்ப்போம்; தெரியாவிட்டால் அது நிம்மதியாக இருக்கிறது என்று திரும்புவோம்.