முகப்பரு மாத்திரையும் முனம்பத்து வெயிலும்

டாக்டர் சீட்டின்றி முகப்பரு மாத்திரை தர மறுக்கிறார்களென்று, வைப்பின் தீவின் முனம்பத்தில் விசைப்படகு ஏறும் நம் குமரி மாவட்டத்து வாலிபர்கள் சிலர் குறைப்படுகின்றனர். 2024 ஜனவரியில் கேரள அரசு தொடங்கிய ‘ஆபரேஷன் அம்ருத்’ நடவடிக்கையின் பலன் இது. கண்டபடி விழுங்கினால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போகும். எனவே மறுப்பது நியாயமே.

ஆனால் சீட்டு மட்டும் போதுமா? டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும். பகலெல்லாம் நடுக்கடலில் நிற்பவனுக்கு இதை யார் சொல்வது? குணம் தெரியவே 6 முதல் 8 வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே நிறுத்திவிட்டு மருந்தைத் திட்டுவோரும் உண்டு! டாக்டரைக் கேளாமல் மாதக்கணக்கில் நீட்டுவதும் தவறுதான்.

இவ்விவரங்களை ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் தமிழிலும் அச்சிட்டுத் தர வேண்டும். நாலு வரி போதும்.