காட்டேரி வீட்டு வேலைக்காரன்

அமெரிக்காவில் எப்.எக்ஸ். என்னும் டெலிவிஷன் கம்பெனியார் 2019-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் நடத்தி வந்த "வாட் வீ டூ இன் தி ஷாடோஸ்" என்கின்ற தொடர் நாடகம், அதன் ஆறாவது பாகத்தோடு 2024-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி முடிவு பெற்றது. நியூசிலாந்துக்காரர்களான ஜெமெயின் கிளமென்ட், டைக்கா வைட்டிட்டி என்னும் இருவர் 2014-ல் எடுத்த ஒரு சினிமாவிலிருந்து பிறந்தது இத்தொடர். பேய்க் கதையில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பேயைக் காட்டிப் பயமுறுத்துகிற கதையாயிருந்தால் நாமும் இதைப்பற்றி எழுதியிருக்க மாட்டோம். இதில் பேய்களே சிரிப்புக்கு இடமாகி நிற்கின்றன.

நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் ஒரு பாழடைந்த வீடு. அதில் மனித இரத்தம் குடிக்கும் காட்டேரிகளான நாண்டோர், லாஸ்லோ, நாட்ஜா என்கின்ற மூவர் வசிக்கின்றார்கள். இவர்கள் வந்தது புதிய உலகத்தை ஜெயிப்பதற்காக! கடைசிப் பாகத்தில், சுமார் ஐம்பது வருஷத்திற்கு முன் தூங்கப்போன இவர்களுடைய கூட்டாளி ஜெர்ரி என்பவன் எழுந்து, "அமெரிக்காவை ஜெயித்தாகி விட்டதா?" என்று விசாரிக்கிறான். பாவம், இவர்கள் என்ன பதில் சொல்லுவார்கள்? சொந்த வீட்டைக்கூடப் பெருக்கத் தெரியாதவர்கள் அல்லவா! நான்காவது ஆளான காலின் ராபின்சன் இரத்தம் குடிப்பதில்லை. அலுக்க அலுக்கப் பேசியே எதிரிலிருப்பவர்களுடைய உயிரை உறிஞ்சி விடுவான். இந்த ஜாதிக் காட்டேரி மட்டும் உண்மையிலேயே உண்டு என்பதை, கமிட்டிக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நிற்க, நாம் கவனிக்க வேண்டியவன் இவ்வீட்டு வேலைக்காரனான கில்லெர்மோ என்னும் வாலிபன். கதை ஆரம்பிக்கும்போதே பத்து வருஷமாக நாண்டோரிடம் ஊழியம் செய்கிறவன். சவப்பெட்டியைத் துடைப்பதும், பிணத்தைப் புதைப்பதும், எஜமானர்களுக்கு இரை தேடிக்கொண்டு வருவதும் இவன் வேலை. கூலி என்ன? என்றைக்காவது ஒரு நாள் தன்னையும் சாகாத காட்டேரியாக்குவார்கள் என்கின்ற நம்பிக்கைதான் கூலி! நாளைக்குக் கிடைக்கப்போகும் பதவியைக் காட்டி இன்றைக்கு வேலை வாங்குவது எவ்வளவு லாபமான வியாபாரம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

2023-ல் வந்த ஐந்தாவது பாகத்தில் அவன் ஆசை நிறைவேறவும் செய்தது. நாண்டோருக்குத் தெரியாமல் வேறொரு காட்டேரியைக் கடிக்கச் சொல்லி மாறிக்கொண்டான். ஆனால் ஒரு மனிதனைக் கொன்று தின்ன அவனுக்கு மனம் வரவில்லை. திரும்பவும் மனிதனானான். கடைசிப் பாகத்திலோ ஊழியத்தை விட்டுவிட்டு ஒரு பணக் கம்பெனியில் உத்தியோகத்திற்குப் போகிறான். அங்கே எஜமானனான நாண்டோரே கூட்டிப் பெருக்குகிற ஆளாக வந்து சேருகிறான். அந்தக் கம்பெனியிலும் உறிஞ்சுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அங்கே மாதச் சம்பளமாவது உண்டு.

முடிவைப்பற்றி இரசிகர்களுக்குள் பல அபிப்பிராயம். கில்லெர்மோ காட்டேரியாகியிருக்க வேண்டும் என்பாரும், நாண்டோரோடு ஜோடி சேர்ந்திருக்க வேண்டும் என்பாரும் உண்டு. இது தெரிந்தோ என்னமோ, நாட்ஜா பார்க்கிறவர்களை மயக்கி அவரவருக்கு வேண்டிய முடிவைக் காட்டுவதாகச் சொல்ல, ஏதோ பழைய சினிமாவைக் கேலி செய்யும் காட்சியொன்று வருகிறது. பிறகு கில்லெர்மோ விடைபெற்றுக்கொண்டு போகிறான். போனவன் திரும்பி வந்து நாண்டோரின் பெட்டிக்குள் ஏறிக்கொள்ள, அது இருவரையும் சுமந்து பூமிக்குள் இறங்குகிறது.

அவனை மனிதனாகவே விட்டது சரியென்பதே நமது அபிப்பிராயம். திரும்பி வந்ததுதான் நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தோழனாக வந்தான், வேலைக்காரனாக வரவில்லை என்று கதாசிரியர்கள் சொல்லக்கூடும். வாஸ்தவமாயிருக்கலாம். மறுநாள் அந்தப் பெட்டியைத் துடைத்தது யார் என்று காட்டியிருந்தால் நாமும் ஒப்புக்கொண்டிருப்போம்.