கூட்டுறவு வார விழா எங்ஙனம் நடைபெறல் வேண்டும்?

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். பந்தலும் மாலைகளும் தடபுடலாக அமைகின்றன. ஆனால் பல இடங்களில் அங்கத்தினர் வாய் திறக்க நேரம் மிஞ்சுவதில்லை.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலானோர் தொடங்கிய சங்கம், அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்ற நெறியைக் கைக்கொண்டது. நம் விழாவுக்கும் அதுவே அளவுகோல்.

ஆதலின் நிர்வாகிகள் ஒரு மாதம் முன்னரே திட்டமிடல் வேண்டும். மழைக்காலமாதலால் பந்தலை நம்பாது கூடத்தைத் தேர்தல் நலம். அன்றாடக் கூலி கெடாதபடி, பொழுது சாய்ந்தபின் கூடுதல் நன்று. வரவு செலவுச் சுருக்கத்தை முன்கூட்டியே வீடுதோறும் சேர்ப்பித்தல் அவசியம். முதல் ஒரு மணி நேரம் அங்கத்தினர் கேள்விகளுக்கே உரியதாகுக; மரியாதைகள் பின்னர் நடைபெறலாம்.

கடைசி வரிசையில் அமர்ந்த நெசவாளர் எழுந்து, "நூல் ஏன் தாமதமாகிறது?" என அச்சமின்றிக் கேட்டு, விடை பெறுவாராயின், அதுவே வெற்றி விழா.